உயரம் பார்த்து உட்கார வைத்த வகுப்பு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் வகுப்பாசிரியர் செய்யும் முதல் வேலை, எல்லாரையும் வராந்தாவில் உயர வரிசையில் நிற்க வைப்பது. குட்டையன் முன் பெஞ்சு, நெட்டையன் கடைசி பெஞ்சு. மார்க்கு, சாதி, அப்பாவின் உத்தியோகம் எதுவும் அந்த வரிசைக்குத் தெரியாது. பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையில், பையன்கள் மட்டும் படித்த அரசு மேல்நிலைப் பள்ளி அது. 1990-களின் தொடக்கம். எங்கள் பக்கம் அப்போது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. மாம்பலம் போவதையே ‘மெட்ராஸ் போறேன்’ என்றுதான் சொல்வோம்.

என் அப்பா தலைமைச் செயலகத்தில் எழுத்தர். தினமும் மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷன் வரை போய்வருவார். என் இடப்பக்கம் உட்கார்ந்தவனின் அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. வலப்பக்கத்துக்காரனின் அப்பா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவர். ஊரைப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்தில்தான். விமானம் தாழப் பறக்கும்போது வாத்தியார் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்தில் தொடங்குவார். சந்தேகம் கேட்க எங்களுக்குக் கிடைத்த இடைவெளி அதுதான். நாங்கள் அதைச் சந்தேகம் கேட்கப் பயன்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

படிப்பு ரொம்பப் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்துக்கு அரையாண்டு வரை ஆசிரியர் வரவில்லை. கோனார் உரை இல்லாமல் தமிழ் இரண்டாம் தாளைத் தாண்டியவன் எவனும் இல்லை. கழிப்பறையைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் வரலாற்று சார் ஒருவர் இருந்தார். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் ஆய்வாளர், இதே பல்லாவரத்தில் படை அணிவகுப்பு மைதானத்தின் சரளைக் குழியிலிருந்து பழைய கற்காலக் கைக்கோடரியை எடுத்த கதையை அவர்தான் சொன்னார். இந்தியாவின் ஆதி மனிதனைப் பற்றிய ஆராய்ச்சியே நம் தெருவில் தொடங்கியது என்றார். மறுநாள் அவர் மேசை நிறையக் கற்கள். ஒருவன் ரயில் தண்டவாளத்து ஜல்லியையே கொண்டுவந்து வைத்தான். சார் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எந்தப் பக்கம் செதுக்கியிருந்தால் அது ஆயுதம் ஆகியிருக்கும் என்று காட்டிக்கொண்டே போனார். அந்த ஒரு பீரியடுக்காக அவருக்கு எதையும் மன்னிக்கலாம், எங்களைத் தேதி தேதியாக மனப்பாடம் செய்ய வைத்தது உட்பட.

பத்தாவதோடு உயர வரிசை முடிந்துபோயிற்று. ப்ளஸ் ஒன்னில் மார்க்கு வாரியாகப் பிரித்தார்கள். கணக்கில் நிறைய வாங்கியவன் ஃபர்ஸ்ட் குரூப், அடுத்தவன் காமர்ஸ், மிச்சப்பேர் தொழிற்கல்வி. நான் ஃபர்ஸ்ட் குரூப். கிப் உபகரணமும் உப்புப் பகுப்பாய்வும் பழுப்பு வளையமும் வாய்த்தன. வேதியியல் லேபில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பினாலும் ஜன்னலைத் திறக்க யாரும் அவசரப்பட மாட்டோம். வெளியே தோல் கம்பெனி வாடை காத்திருக்கும்.

தோல் கம்பெனிக்காரர் மகன் தொழிற்கல்விக்குப் போனான். பிரிவு அங்கே மட்டும் நிகழவில்லை. 1982-இல் தொடங்கிய சத்துணவு, 1984-இல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. அதற்கு மேல் கிடையாது. பத்தாவது வரை தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவன், ப்ளஸ் ஒன்னில் மதிய மணி அடித்ததும் மைதானத்துப் பக்கம் போய்விடுவான். ‘பசிக்கல மச்சி’ என்பான். மார்க்குக்கும் சோற்றுக்கும் ஒரே வயதில் கோடு கிழித்தவர்கள் இதை யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்களைத் திரும்பச் சேர்த்து வைத்தது கபடி. அங்கே குரூப் செல்லாது. வயதும் எடையும்தான் கணக்கு. பள்ளியில் எடை பார்க்கும் மெஷின் இல்லை. போட்டிக்கு முந்தின வாரம் பி.டி. சார் மொத்த டீமையும் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போவார். பிளாட்பாரத்தில் விளக்குகள் மினுக்கும் அந்த மெஷினில் காசு போட்டால் அட்டை விழும். முன்பக்கம் எடை, பின்பக்கம் நடிகர் படமோ சோதிட வாக்கோ. சார் எடையைப் பார்ப்பார், நாங்கள் பின்பக்கத்தைப் படிப்போம். எடை கூடிப்போனவன் அன்று சாயங்காலத்திலிருந்து மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். என் பழைய பெஞ்சுக்காரன் எப்போதும் எடைக்குக் குறைவாகவே இருந்தான். ஆனால் பாடிக்கொண்டு எதிர் எல்லைக்குள் போனால் ஏழு பேரும் பின்வாங்குவார்கள். மூச்சு விடாமல் அவன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான் என்பதற்குப் பந்தயம் கட்டியிருக்கிறோம். ஜோனல் போட்டியில் காலிறுதியோடு வெளியேறினோம். திரும்பி வரும்போது சார் ஆளுக்கொரு பரோட்டா செட்டு வாங்கித் தந்தார், அவர் காசில்.

எனக்கு ஏக்கமாக இருப்பது பரோட்டாவோ மைதானமோ அல்ல. இப்போது நான் பார்க்கிற மனிதர்கள் எல்லாரும் ஏதோ ஒரு தேர்வில் என்னைப் போலவே வடிகட்டப்பட்டு வந்தவர்கள்: அலுவலகத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில், மகள் படிக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில். அவர்களோடு பேச எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. என் உயரம் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் என் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. அரசுப் பள்ளி அப்படியேதான் இருக்கிறது, கட்டடம் முன்னைவிட நன்றாகவே. எங்கள் தெருப் பிள்ளைகள்தான் அங்கே போவதில்லை; வேன் ஏறிப் போகிறார்கள். அந்த வேனுக்குப் பணம் கட்டுகிறவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் செட்டுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் சந்திப்பு, தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்தேன், எல்லாம் ஃபர்ஸ்ட் குரூப். பம்மல் போகும் வழியில் அந்தத் தோல் கம்பெனிக்காரர் மகன் பஞ்சர் கடை வைத்திருப்பதாக ஒருவன் சொன்னான். நம்பர் யாரிடமும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நாலாயிரம் அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும், ரிசார்ட்டுக்கெல்லாம் வருவானா என்று.