பத்திரமும் பின்னுரிமையும்

வற்றாப்பளை என்றதும் நம் கல்லூரி அன்பர் பலர்க்கு நினைவுக்கு வருவன நந்திக்கடலோரத்துக் கண்ணகை அம்மன் கோவிலும், கடல்நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலுமேயாம். கணவனை இழந்த பின்னர், கையிலிருந்த ஒற்றைச் சிலம்பைச் சான்றாகக் கொண்டு அரசவையில் வழக்குரைத்தாள் அவ்வன்னை. அவளது ஊரிலேயே கணவனை இழந்த பெண்கள் சான்று தேடி அலுவலக வாயில்களில் நிற்கக் காண்கிறோம். ஆதலின், மலருக்கு உகந்த மங்கலப் பொருள் அன்றாயினும், இறந்தபின் குடும்பத்துக்கு உதவும் பத்திரங்களைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

எம்மூரார் பத்திரத்தின் அருமையை அறியாதவரல்லர். 2004 மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றபோது உறுதிகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் கடலோடு போயின. அதனைக் கண்டிருந்தமையாற் போலும், 2009 இல் இடம்பெயர்ந்தவர்களிற் பலர் உடுபுடைவையைக் கைவிட்டபோதும் பத்திரப் பையைக் கைவிடவில்லை. பதுங்குகுழியிலும், பின்னர் செட்டிக்குளத்து மனிக் பாம் முகாமிலும் அப்பை தலையணையின் கீழ்க் கிடந்தது.

எமது அயலவர் ஒருவரின் காணி அனுமதிப்பத்திரமும் அங்ஙனம் தப்பியதே. ஊர் திரும்பிச் சில ஆண்டுகளில் அவர் காலமானார். பையை அவிழ்த்துப் பார்த்தோம். பத்திரம் நனையவுமில்லை, கிழியவுமில்லை; ஆயின் பின்னுரித்தாளர் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. "காணி உனக்குத்தான் பிள்ளை" என்று தம்மைப் பேணிய இளைய மகளிடம் அவர் பன்முறை சொல்லியிருந்தார். அச்சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை.

வன்னியிற் பெரும்பகுதிக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. தமக்குப்பின் உரியவர் யாரெனக் காணிக்காரர் நியமிக்கலாம். மரணசாதனத்தால் அன்றி வேறு பத்திரத்தாற் செய்யும் நியமனம், அவர் உயிரோடிருக்கையிலேயே பதிவு செய்யப்படல் வேண்டும். இறந்த மறுநாள் கொண்டுசென்றாற் பயனில்லை. நியமனம் இல்லையெனின் மனைவி சீவியகாலம் வரை அனுபவிக்கலாமேயன்றி விற்கவோ வேறொருவரைப் பின்னுரித்தாளராக்கவோ இயலாது. அவளுக்குப் பின்னர் சட்ட அட்டவணைப்படியே உரிமை செல்லும். அவ்வட்டவணை நெடுங்காலம் ஆண்மக்களையே முன்வைத்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பால் வேற்றுமையை நீக்கியது நல்லதே. எனினும் தந்தை தம் மனத்தில் எண்ணியிருந்த பிள்ளை எதுவென்பதை எந்த அட்டவணை அறியும்?

காணாமற் போனோரின் மனைவியர் நிலை இதனினும் கொடிது. 2010 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையோர்க்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. ஆயின், வருவார் என்று வாயிலைப் பார்த்திருப்பவளிடம், இறந்தார் என ஒப்பமிடு என்று கேட்கும் மனம் யாருக்கு வரும்? 2016 ஆம் ஆண்டுத் திருத்தம், காணாமற் போனமையையே சான்றுபடுத்தும் சான்றிதழை ஏற்படுத்தியது. அதனைக்கொண்டு அலுவல்களைக் கவனிக்கலாம் என்பதை அறியாதார் எம்மூரில் இன்னும் உளர்.

மரணசாதனம் செல்வர்க்கு மட்டும் உரியது என்பதும் தவறான எண்ணம். 1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசின்றி ஐந்து சாட்சிகளும் இருப்பின் அது செல்லும். அதனுடன், ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியும் வேண்டும். உறுதியின் இலக்கம், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி உறுப்புரிமை இலக்கம், ஓய்வூதிய விபரம், கொடுத்த கடன், வாங்கிய கடன், கட்டிவரும் சீட்டு ஆகியவற்றை அதில் எழுதுக. அடகுச் சிட்டையை மறவாதீர். தவணை தப்பித் தாலிக்கொடி ஏலத்திற் போனபின்பே அது அடகிலிருந்ததை அறிந்த விதவையரை நாம் அறிவோம். கடனை மனைவிக்கு மறைப்பதை ஆண்மையெனக் கொள்வார் நம்முட் பலர். எமக்கு அது உடன்பாடன்று.

கொப்பி எங்கேயிருக்கிறது என்பது இல்லாளுக்கும் பிள்ளைகளுள் ஒருவருக்கேனும் தெரிந்திருத்தல் வேண்டும். பத்திரங்களின் பிரதிகள் வேறோர் ஊரில் உறவினர் வீட்டிலும் இருப்பது நன்று. இருமுறை அழிந்த கரையில் வாழ்வோர்க்கு இது மிகையன்று.

நொத்தாரிசுகளாகவும் காணி அலுவலராகவும் விளங்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். சிறுபோக அறுவடை முடிந்தபின் ஒரு சனிக்கிழமை எம்மூருக்கு வருவீர்களாயின், வெறுமையாய்க் கிடக்கும் பெயரிடங்களை நிரப்பும் நியமனப் பத்திரங்களை எழுதி முடிக்கலாம். மேசை, கதிரை, மதியபோசனம் யாவும் எமது பொறுப்பு.