மசகு

தாத்தா வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்குத் தடவுவார். அதற்கு மசகு என்று பெயர். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அதைப் பார்த்து வளர்ந்த அப்பா, பின்னாளில் நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் அதே வேலையைத்தான் செய்தார். வண்டிதான் பெரிதாகிவிட்டிருந்தது.

1957இல் தோண்டத் தொடங்கி 1961இல் பழுப்பு நிலக்கரியை எட்டிய சுரங்கம் அது. மேலே கிடக்கும் மணற்பாறையை, வாளிகள் கோத்த ராட்சதச் சக்கரம் கொண்ட ஜெர்மானிய இயந்திரங்கள் அறுத்துத் தள்ளும். அந்த மணல்தான் அப்பாவின் எதிரி. கிரீஸில் மணல் கலந்தால் மசகே உப்புத்தாளாகி பேரிங்கைத் தின்றுவிடும். நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைக்கவே மாட்டார். குறைந்தால் தேயும், அளவு மீறினால் சூடேறும். கன்வேயர் ஓரமாக நடந்துகொண்டே, எந்த உருளை கெடப்போகிறது என்று காதால் சொல்லிவிடுவார்.

அடகில் இருந்த எங்கள் வயலை மீட்டது அந்தச் சம்பளம்தான். நெய்வேலிக்காக நிலத்தை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

2023 ஏப்ரல் தொடக்கத்தில், ஒன்றிய அரசு ஏலத்துக்கு அறிவித்த நிலக்கரிப் பகுதிகளில் எங்கள் பக்கத்து வடசேரியும் இருப்பதாகச் செய்தி வந்தது. இயந்திரத்தை அவ்வளவு நேசித்தவர் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து, "மிஷின் ஓட மசகு போதும்டா. சுரங்கம் ஓடணும்னா தண்ணிய எறச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலேறும். காவிரி பொய்க்கும் ஆண்டுகளில் எங்கள் குறுவைக்கு இருப்பதோ நிலத்தடி நீர் ஒன்றுதான். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமானதை நான் நினைவூட்டினேன். அப்பா பதில் சொல்லவில்லை. கிராமத்தார் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டார். முப்பது ஆண்டு உழைப்புக்கு எதிராகவே போடுகிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ, பேனாவைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஏப்ரல் 8 அன்று வடசேரி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாள் காலை அப்பா கிரீஸ் டப்பாவோடு வயலுக்குப் போனார். ஆயில் எஞ்சினின் நிப்பிளை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, குனிந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.