ஈற்றில் ஒரு பரு

கடுகளவு இருக்கும், சில சமயம் மிளகளவு. நாக்கு ஓயாமல் அங்கேயே போய் வருடும். அழுத்தினாலும் வலி இல்லை. "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்."

*

வலிக்காததற்குக் காரணம் உண்டு. சொத்தை ஆழமாகப் போனதாலோ, எப்போதோ விழுந்து அடிபட்டதாலோ பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போகின்றன. வேர்நுனியில் சீழ் கட்டுகிறது. அது எலும்புக்குள் அடைபட்டிருக்கும்வரைதான் ராத்திரியெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும். எலும்பை அரித்துக்கொண்டு ஈறுவழியே வெளியேறிவிட்டால் அழுத்தம் இறங்கும், வலியும் நிற்கும். அந்த வாசல்தான் இந்தப் பரு. கிராம்புத் தைலம் தடவியவர் தைலம்தான் குணப்படுத்தியது என்பார். பரு உடையும், வாயில் உப்புக் கரிக்கும், சில நாளில் மறுபடி புடைக்கும்.

*

பரு ஒரு பல்லருகே, கோளாறு பக்கத்துப் பல்லில் என்பதும் உண்டு. கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் ஆன மெல்லிய குச்சியைப் பருவின் துளைக்குள் செலுத்தி, பல் டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார். குச்சி எந்த வேரில் போய் நிற்கிறதோ அதுதான் ஆள். ரூட் கெனால் சிகிச்சையில் வேரை அடைப்பதும் அதே பொருளால்தான். எனக்கு இந்த உத்தி மிகவும் பிடித்திருக்கிறது.

*

ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? ரூட் கெனால், இல்லையேல் பல்லைப் பிடுங்குவது. மூலம் சரியானால் பரு தானாக அமுங்கிவிடும். ஊக்கால் குத்துகிறவர்கள் ஊக்கைச் சட்டையிலேயே விட்டுவைக்கலாம்.

*

"பால் பல்தானே, விழத்தானே போகுது" என்று குழந்தையின் ஈற்றுப்பருவை விட்டுவிடக் கூடாது. அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அந்தச் சீழ் கெடுக்கலாம்.

பச்சிளங்குழந்தையின் ஈற்றில் வெள்ளை முத்துபோல் தெரிவது வேறு. சில வாரங்களில் தானே உதிரும். துணியால் தேய்த்து எடுக்கப் பார்க்கும் பாட்டிகளைத் தடுப்பதுதான் சிரமம்.

*

வாயில் தெரியும் மேடெல்லாம் சீழ்ப் பரு அல்ல. கர்ப்பிணிக்குச் சிவப்பாக, தொட்டால் ரத்தம் கசியும் கட்டி: பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கும். கீழ்த்தாடையின் உட்பக்கம் கல்போல இரண்டு புறமும் மேடு: வெறும் எலும்பு வளர்ச்சி, தொந்தரவில்லை. பிரஷருக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறே தடித்து வளரும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

*

வெற்றிலையோடு புகையிலையோ, குட்காவோ அடக்குகிறவர் கணக்கு தனி. கன்னமும் கீழ் ஈறும் சேரும் மடிப்பில்தான் நம் நாட்டு வாய்ப்புற்றுநோய் அதிகம் வருகிறது. தொடக்கத்தில் அதுவும் பெரும்பாலும் வலிக்காது. ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், இரண்டு வாரம் தாண்டியும் போகாத கட்டி, இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிட வேண்டும். புகையிலை பழக்கமே இல்லாதவருக்கும் அதே இரண்டு வாரம்தான். பருவோடு முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே.