பட்டிக்குள்ளே ஒரு கான்டெஸா!

கான்டெஸா தெரியுமா பாஸ்? பழைய படங்கள்ல வில்லனோட ஆட்கள் புழுதி பறக்க வந்து இறங்குவாங்களே... நீள பானட், சதுர முகம். அதேதான்! அமெரிக்காவில் 1964 போன்டியாக் ஜி.டி.ஓ. காலத்தில் பற்றிக்கொண்ட மஸில் கார் மோகம் நமக்கு வாய்க்கவில்லை. அந்த ஏக்கத்தில் நம்ம ரசிகர்கள் ‘இந்தியாவின் மஸில் கார்’ என்று பட்டம் கொடுத்தது இதற்குத்தான்.

உண்மையைச் சொன்னா, மஸில் எல்லாம் வெளியேதான்! இங்கிலாந்தின் வாக்ஸால் டிசைனை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் இதை இறக்கியபோது, உள்ளே இருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரைத் திறன். ஜிம் பாடிக்குள்ள தாத்தா இதயம்! பிறகு 1.8 லிட்டர் இசுஸு இன்ஜின் வந்து மானத்தைக் காப்பாற்றியது. 2002-ல் தயாரிப்பே நின்றுபோனது. நான் பிறப்பதற்கு முன்பே!

அப்படி ஒரு 1994 மாடல் சீனியரை, ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார் எங்க மாமா. ‘‘தை மாசம் பொண்ணு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இதுலதான்!’’ மெக்கானிக்கல் படிக்கிற ஒரே காரணத்துக்காக நான்தான் டெக்னிக்கல் அட்வைஸர். மெரூன் பெயிண்ட் பளபளன்னு மின்னியது. ரெண்டு இடத்தில் மட்டும் சின்னதா கொப்புளம்.

டிங்கரிங் அண்ணன் அந்தக் கொப்புளத்தைத்தான் முதலில் பார்த்தார். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பானட்டில் வைத்தார்... ஒட்டியது. கதவின் கீழ்ப் பக்கம் வைத்தார்... தொப்புன்னு விழுந்தது. அங்கே இரும்பே இல்லை, வெறும் பட்டி! ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உடைகிறது. ஓட்டையை அடைக்க, யாரோ ஒரு மகானுபாவர் உள்ளே நியூஸ்பேப்பரைத் திணித்து, மேலே பட்டி பூசியிருந்தார். பிரித்துப் பார்த்தால் 2011-ம் வருஷ ராசிபலன்!

இது ஏன் ஆபத்து தெரியுமா? இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன்... மூணும் சேர்ந்தால் துரு. இரும்பைவிட அது பல மடங்கு இடம் எடுக்கும். அதனால்தான் பெயிண்ட் உப்புகிறது. சென்னையின் உப்புக் காற்று வேகத்தைக் கூட்டிவிடும். துருவைச் சுரண்டாமல் மேலே பட்டி பூசினால், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம்... கான்டெஸாவுக்கு லாரி மாதிரி தனியா சேஸிஸ் கிடையாது. மோனோகாக் பாடி. மொத்த சுமையையும் தாங்குவது அந்தத் தகடுகள்தான். எங்க வண்டியில் அரித்திருந்தது கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதி. சீட் போல்ட்டு பிடிக்கிற இடம் வரைக்கும் பரவியிருந்தது!

‘‘பெயிண்ட் அடிச்சுத் தர்றேன் சார். கல்யாணத்துக்கு ஜம்முனு இருக்கும். ஆனா, அதுக்கப்புறம் இதுல குழந்தைங்களை உட்கார வெக்காதீங்க’’ என்றார் அண்ணன். வெட்டி ஒட்டினால் செலவு மூணு மடங்கு, கல்யாணத்துக்கும் வண்டி வராது. மாமா ஒண்ணுமே பேசலை. என்னைப் பார்த்தார். ‘‘பெயிண்ட் மட்டும் வேணாம் மாமா’’ என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் பணமாச்சே! முடிவைச் சொன்னது கல்யாணப் பொண்ணுதான்: ‘‘வாடகை வண்டி வெச்சுக்கலாம்ப்பா. இதை ஒழுங்கா பண்ணுங்க.’’

அப்புறம் நான் பார்த்தது எந்த லேப்லயும் கிடைக்காத பாடம். வெட்டும்போது பாடி வளைஞ்சிடாம இருக்க, கதவு இருக்கிற இடைவெளியில் முதலில் பைப் வைத்து வெல்டு அடித்தார்கள். நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டினார்கள். 20 கேஜ் தகட்டை வளைத்து, சி.ஓ.2 வெல்டிங்கில் அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளி. தொடர்ந்து அடித்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம். பிறகு பிரைமர், இணைப்புகளில் சீலர், உள்ளே மெழுகு. இலை, மண் அடைத்திருந்த கதவின் வடிகால் ஓட்டைகளையும் திறந்துவிட்டார்கள். கிடைக்காத சாமானுக்கு இருக்கவே இருக்கு புதுப்பேட்டை!

நீங்களும் பழைய கார் வாங்கப் போறீங்களா? ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒண்ணு பாக்கெட்டில் இருக்கட்டும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துட்டுப் பாருங்க. ‘புது பெயிண்ட் சார்’ என்று பெருமையா சொன்னால், ரெண்டு மடங்கு சந்தேகப்படுங்க. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். ஆர்.சி-யில் அந்தத் தேதியையும் பார்த்துடுங்க.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. மாப்பிள்ளை வாடகை காரில்தான் வந்தார். எங்க கான்டெஸா இன்னும் மெரூன் ஆகலை, சாம்பல் நிற பிரைமரோடு நிற்கிறது. ஆனா கதவு இப்போ கடகடன்னு ஆடாம, ‘தொப்’னு ஒரே சத்தத்தில் மூடுது. மாமா ஷெட்டுக்குப் போறப்பல்லாம் நாலு தடவையாவது திறந்து மூடிப் பார்க்கிறார்!