என் மாமன் பட்டறையில் கற்ற பாடம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனொருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில், கோயம்புத்தூரிலுள்ள என் தாய்மாமனது பட்டறையில் யான் செய்த பிழையொன்றும், அதனின்று பெற்ற பாடமும் ஏட்டிற் பதியத் தக்கன என்று கருதியே எழுதத் துணிந்தேன்.

மாமன் மகனாகிய என் அத்தானிடம் டர்போ பொருத்திய பழைய காரொன்று இருந்தது. டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிகுதியாக எரியும், திறன் பெருகும். சுவிட்சர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்பிரட் பியூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டில் இம்முறைக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். சிறு கார்களில் இச்சக்கரம் நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழல்வதுண்டு.

மாமன் வெளியூர் சென்றிருந்த ஒரு நாள், அத்தானும் யானும் பொறுமையிழந்தோம். வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் 0.5 பார் என்றிருந்த டர்போவின் அளவை ஒரே முறையில் 1.1 பாராக உயர்த்தினோம். பெட்ரோலின் அளவையோ, பிளக்கில் பொறி எழும் நேரத்தையோ தொட்டோமல்லோம். “இன்னும் சற்றே கூட்டுங்கள்” என்று தூண்டியவன் யானே. கார் அம்பெனப் பாய்ந்தது. சில நொடிகளில், தகரக் குவளையிற் கூழாங்கற்களைக் குலுக்கினாற் போன்றதோர் ஓசை எழுந்தது. அதனையும் வேகத்தின் முழக்கமென்றே எண்ணி மகிழ்ந்தோம். மறுகணம் புகை சூழ, எஞ்சின் அடங்கிற்று.

திரும்பி வந்த மாமன் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரல்லர். எஞ்சினைப் பிரித்து, துளை விழுந்த பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தார். “மருமகனே, அவ்வோசைதான் நாக்கிங். பொறியின் தீ வந்து சேருமுன்னரே, எஞ்சியிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானே வெடிக்கும் ஓசை அது. எஞ்சின் உங்களை எச்சரித்தது, நீங்கள் கேட்கவில்லை” என்றார். அத்தான் பழி முழுவதையும் தம்மேல் ஏற்றுக்கொண்டார். யானோ வாய்மூடி நின்றேன்.

பிஸ்டனும் பிளக்குகளும் மாற்றி, காற்றுக்குழாய்களிற் கசிவில்லை என்று தெளிந்த பின்னர், காரைச் சாலைக்குக் கொண்டுசெல்லாமல், சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோ மேடைக்குக் கொண்டுசென்றோம். புகைக்குழாயில் கலவையை அளக்கும் உணர்கருவியொன்று பொருத்தப்பட்டது. நாக்கிங்கைக் கேட்பிக்கும் கருவியை மாமன் தம் செவியில் மாட்டிக்கொண்டு, மடிக்கணினியின் முன் அமர்ந்தார்.

அழுத்தம் முதலில் 0.5 பாரிலேயே நின்றது. 1 பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மாமனோ முழுச்சுமைக்கு 11.5 பங்கே வைத்தார். மிகுதியான பெட்ரோல் சூட்டைத் தணிக்கும். பொறியின் நேரத்தைப் பின்தள்ளி வைத்து, ஒவ்வொரு பாகையாக முன்கொணர்ந்தார். முன்கொணர்ந்தும் திறன் கூடாத இடத்தில் நிறுத்தி, 2 பாகை பின்வாங்கினார். அதன் பின்னரே அழுத்தத்தில் 0.1 பார் கூட்டினார். கூட்டுந்தோறும் கலவையையும் நேரத்தையும் மீண்டும் பார்த்தார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். ஒன்றன் பயனைக் காணுமுன் மற்றொன்றைத் தொட்டாரல்லர். “இரண்டினை ஒருங்கே மாற்றினால், மறுமொழி எதற்குரியது என்று எவ்வாறு அறிவாய்?” என்பார்.

0.8 பாரை எட்டியபொழுது உட்செல்லும் காற்றின் வெப்பம் ஏறிற்று. நாக்கிங்கைத் தவிர்க்கப் பொறியை மேலும் பின்தள்ள நேர்ந்தது. அழுத்தம் கூடியும் திறன் கூடவில்லை. மாமன் 0.7 பாருக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டார். “இன்னும் ஒரே ஒரு படி?” என்று என் நா பழைய வழக்கப்படி கேட்டது. “நாம் வினவியாயிற்று, அது ‘இல்லை’ என்று விடையும் கூறிவிட்டது” என்றார் அவர்.

என் சொல்லே எனக்கு எதிர்ச்சாட்சியாயிற்று. “மாமா, அன்றும் இவ்வாறே தூண்டியவன் யான்தான்” என்றேன். “அறிவேன். நீயே சொல்லுவாய் என்று காத்திருந்தேன்” என்று கூறி, அவர் மடிக்கணினியை மூடினார்.

படிப்படியாகச் செல்லுதல் அச்சத்திற்கு மறுபெயர் என்றே அதுவரை யான் எண்ணியிருந்தேன். அஃது அன்று. ஒவ்வொரு படியும் ஒரு வினா. அதன் விடையைக் கேட்ட பின்னரே அடுத்த வினா எழ வேண்டும். பாடங்களைத் தேர்வுக்கு முன்னிரவில் ஒருங்கே விழுங்குவதும், இரவு செபத்தில் வேண்டுவன யாவற்றையும் அடுக்கிவிட்டு, விடைக்குக் காத்திராமல் எழுந்து செல்வதும் என் வழக்கமாயிருந்தன. விடுதியில் என் மேசைமேல் அத்துளை விழுந்த பிஸ்டன் இன்றும் இருக்கின்றது. காண்போர் அஃதென்ன என்று கேட்பர். யான் கேளாது விட்ட ஓர் எச்சரிக்கை என்று விடையிறுப்பேன்.