நாகையில் இல்லாத கோபுரம்

பசியாவரத்துக் கரையில் நின்றால் ஏரிக்கு அப்பால் பழவேற்காடு தெரியும். அங்கிருந்த தம் சோழமண்டலத் தலைமையிடத்தை ஒல்லாந்தர் 1690ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். வேளாங்கண்ணி அன்னையை நாடிச் செல்லும் நம் குடும்பங்கள் பல அந்நாகை வழியே செல்கின்றன. அங்குச் சற்றே நின்று ஒரு பௌத்த ஆலயத்தை நினைப்பவர் மிகச் சிலரே.

ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் அங்கே சூளாமணி விகாரத்தை எழுப்பினான். சிவபக்தனாகிய முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக ஈந்தான். இதைக் கூறும் செப்பேடுகள் ஒல்லாந்து சென்று, லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

எஞ்சி நின்ற பழைய செங்கற்கோபுரம் நெடுங்காலம் கடலோடிகளுக்கு அடையாளமாய் விளங்கியது. 1867ஆம் ஆண்டில் அதுவும் இடிக்கப்பட்டது. இடித்தவர் யார்? அரசின் அனுமதி பெற்று, தம் கல்லூரிக் கட்டடத்துக்காக இடித்தவர் நம் இயேசு சபைக் குருக்களே! அக்கல்லூரியும் 1883இல் திருச்சிக்குப் பெயர்ந்தது. நாகை மண்ணுள் கிடைத்த முந்நூறுக்கும் மேற்பட்ட பௌத்தத் திருமேனிகளுள் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. நாகைக் கோபுரத்துக்கோ அது தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் பிந்திய சொல்.

அன்பர்களே, அடுத்த முறை வேளாங்கண்ணி செல்லும்போது நாகையில் சிறிது நில்லுங்கள். அயலாரின் ஆலயத்துக்கு ஊரையே ஈந்த மன்னனைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம்மவர் இடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.