புளியரை வளைவில்

ஆடிச் சாரல் சற்றே ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை. ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு, வாகனம் ஏறும்போது ஓத வேண்டியதை ஓதிக்கொண்டு, நாம் தென்காசியிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டோம். மலைக்கு அப்பால், கேரளத்துக் கழுத்துருட்டியிலுள்ள பதின்மூன்று கண் பாலம் வரை சென்று மீள்வதே நிய்யத். போக ஏறத்தாழ 30 கி.மீ.; வரவும் அவ்வளவே. ஃபிக்ஹு நூல்களின்படி இத்தூரத்துக்கு முஸாபிர் என்னும் பெயர் கிட்டாது; தொழுகையைச் சுருக்கும் சலுகையும் இல்லை. ஆயினும் ஐம்பத்தாறு வயதுக் கால்களுக்கு இது பெரும் பயணமே என்பதை வாசக நேயர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

வண்டி நம்முடையதன்று. வளைகுடாவில் பணிபுரியும் மூத்த மகன் விடுமுறையில் வந்தபோது வாங்கி, ஒரு மாதம் ஓட்டிவிட்டு, திண்ணையில் விட்டுச் சென்றது. ரோடு பைக் என்கிறார்கள். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், முன்னும் பின்னுமாகப் பல பற்சக்கரங்கள். மதரஸாவில் ஓதிய காலத்தில் நாம் ஓட்டிய வாடகைச் சைக்கிளின் கனத்தை நினைத்தால் இது கோழியிறகு. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். நாம் நடக்காமல் ஓட்டலானோம். ஓராண்டாக இலஞ்சி, குற்றாலம், பண்பொழி என்று சுற்றியதில் மலையேறும் துணிவு வந்துவிட்டது. தொப்பியின்மேல் தலைக்கவசம் அணிந்து நாம் புறப்படும் கோலத்தைக் கண்டு தெருப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே உள்ள 8 கி.மீ. சமவெளிதான். ஆனால் ஆடியில் அதுவும் ஓர் ஏற்றமே. மேற்குத் தொடர்ச்சி மலை இவ்விடத்தில் தாழ்ந்து கணவாயாகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று அந்த வாயிலில் நெருக்குண்டு, விரைவு கூடி, இப்பக்கம் பாய்கிறது. மேற்கு நோக்கிச் செல்பவன் நெஞ்சில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். கைப்பிடியின் வளைந்த அடிப்பகுதியைப் பற்றி, முதுகை வளைத்து, ருகூவில் இருப்பவரைப் போல ஓட்டினோம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த ஊர். சங்கு முத்திரை தாங்கிய அதன் நுழைவாயில் வளைவைக் கடந்தபோது நன்றாக விடிந்திருந்தது, லாரிகளும் தொடங்கிவிட்டன. காய்கறி, வைக்கோல், சிமெண்ட், ஜல்லி எனக் கேரளத்துக்குச் செல்வன பலவும் இந்த ஒரே சாலையில்தான் மலையேறுகின்றன.

புளியரையைத் தாண்டியதும் ஏற்றம். அங்கேதான் ஆங்கில எழுத்து ‘எஸ்’ போல வளைந்த அந்தப் பெயர்பெற்ற வளைவு இருக்கிறது. பின்னால் பாரலாரி ஒன்று முனகிக்கொண்டு வருவது கேட்டது. நாம் இடப்புறம் ஒதுங்கினோம். சாலை இடப்பக்கமாகவே திரும்பியது. மேலும் ஒதுங்கினோம். பெரியவருக்கு வழிவிடுவது மரியாதை, வலியவருக்கு வழிவிடுவது விவேகம் என்றே வளர்ந்தவர்கள் நாம். லாரியின் முன்பகுதி நம்மைத் தாராளமாக இடைவெளிவிட்டுக் கடந்தது. ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்றோம். அடுத்த நொடி அதன் நடுப்பகுதி நம்மை நோக்கி நெருங்கி வந்தது. பின்சக்கரங்கள் இன்னும் நெருங்கின. தோளுக்கும் பலகைக்கும் நான்கு விரற்கடை. தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து சக்கரம் வழுக்கி, வண்டியோடு வடிகாலில் விழுந்தோம்.

ஏற்றத்தில் இருவருமே மெல்லச் சென்றதால் உயிர் தப்பியது. லாரி நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அறபு இலக்கணம் கற்பித்த நாவிலிருந்து அப்போது புறப்பட்ட தமிழ்ச் சொற்கள் இங்கே எழுதத் தக்கவை அல்ல.

சற்று நேரத்தில் ஓர் இளைஞன் தண்ணீர் பாட்டிலோடு மேலிருந்து ஓடிவந்தான். “பாய், அடி பட்டிருச்சா? எந்திரிக்க முடியுதா?” அந்த லாரியின் கிளீனர். வளைவுக்கு மேலே, சாலை சமமாகும் இடத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல்வைத்திருந்தார்கள். ஓட்டுநர் நம் வயதினர். நமது முழங்கையைத் தாமே கழுவிவிட்டார். நமது ஏச்சு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“பாய், பின்னால வரும்போது உங்களைப் பார்த்தேன். வளைவுக்குள்ள நுழைஞ்சதும் நீங்க என் கண்ணுல இல்ல” என்றார். பின்பு சேறு படிந்த பக்கப்பலகையில் விரலால் இரண்டு கோடுகள் வரைந்தார். வெளிக்கோடு முன்சக்கரம் போகும் தடம். உட்கோடு பின்சக்கரம் வரும் தடம். வண்டி நீளமாக ஆக, வளைவு குறுகலாக ஆக, இரண்டுக்கும் இடையிலுள்ள அகலம் கூடும். நாம் பாதுகாப்பென்று நம்பி ஒண்டிய ஓரம் அந்த உட்கோட்டின் மேலேயே இருந்தது. “லோடோட ஏத்தத்துல நின்னா மறுபடி எடுக்கிறது கஷ்டம், பின்னால உருண்டுரும். அதான் நிக்கல. இனிமே வளைவுக்கு முந்தியே நின்னுக்கோங்க. இல்லேன்னா எங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி ரோட்டுக்குள்ள வாங்க. ஓரத்துல மட்டும் ஒண்டாதீங்க.”

கரும்பலகை முன் நின்ற மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டோம். ஏசியதற்கு மன்னிப்பும் கேட்டோம். “விடுங்க பாய்” என்று ஏறிப் போய்விட்டார்.

மேடு ஏறுகையில் தக்பீரும் பள்ளம் இறங்குகையில் தஸ்பீஹும் சொல்வது நபித்தோழர்களின் வழக்கம். அன்று இரண்டுக்கும் குறைவில்லை. ஆரியங்காவுக்கு அப்பால் இறக்கம், ஈரச்சாலை. பிரேக்கை விடாமல் பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். பிடிக்காவிட்டால் வேகம் கைமீறும். பிடித்தும் விட்டும், விட்டும் பிடித்தும் இறங்கினோம். 1904இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையைத் தாங்கி நிற்கும் கருங்கற்பாலம் கம்பீரமானதுதான். ஆனால் நம் கண்ணில் நின்றது சேற்றுப் பலகையில் கண்ட அந்த இரு கோடுகள். தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம். திரும்பும் வழியில் வளைவுகளில் சாலைக்குள் வந்து ஓட்டினோம். பின்னால் ஒலியெழுப்பினார்கள், நம்மைக் கண்டுகொண்டார்கள் என்பதற்கு அதுவே சான்று. செங்கோட்டைக்கு இப்பால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டது.

லுஹருக்கு வுளூச் செய்ய மனைவியார் தண்ணீர் ஊற்றியபோது முழங்கையைக் கண்டுவிட்டார்.

“என்ன இது?”

“வண்டி வழுக்கிவிட்டது.”

பொய்யன்று. அறபு அணியிலக்கணத்தில் இதன் இனத்தைத் தவ்ரியா என்பர். தமிழில் இரட்டுறமொழிதல் இதற்கு உறவு. வகுப்பில் இதை நயமென்று விளக்கியிருக்கிறோம். அவர் ஒன்றும் பேசாமல் மீதித் தண்ணீரை ஊற்றினார். அன்று தொழுகையில் மனம் நிற்கவில்லை.

இரவில் மகன் தொலைபேசியில் அழைத்தான். “வாப்பா, சைக்கிள் எப்படி ஓடுது?”

மனைவியார் அருகில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “அவன்கிட்டயாவது நடந்ததைச் சொல்லுங்க” என்றார், தலைநிமிராமல்.

சொன்னோம். லாரியையும் வடிகாலையும், நாம் ஏசியதையும்கூட. அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “கைப்பிடியில மாட்டுற கண்ணாடி ஒண்ணு அனுப்புறேன் வாப்பா. பின்னால வர்றது தெரியும்” என்றான்.

அன்றிலிருந்து வண்டியின் பூட்டுச்சாவி மனைவியாரின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. கண்ணாடி வந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.